செஞ்சிக்கு ஒரு நாள்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு மலைதான் உண்டு. மற்றவை எல்லாம் குன்றுகள். இமயமலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கூட, "உயரம் இருக்கிறது, வாஸ்தவம், ஆனால் நம் மலை மாதிரி வருமா?" என்றுதான் கேட்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் எங்கெங்கிருந்தோ வந்து, 14 கிலோமீட்டர் நடந்து இந்த மலையைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இவ்வளவு பேர் தேடி வருகிற ஊரில் குடியிருப்பவன், தானும் வேறு எங்கேயாவது தேடிப் போக வேண்டும் என்று நினைப்பதற்கு நியாயம் இல்லை.

அதனால்தான், கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சி என்று ஒரு மகா பட்டணம் இருந்தது என்ற விஷயம் எங்களில் பலருக்கு பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே தெரியும். புதுச்சேரிக்குப் போகிற பஸ் கீழ்பென்னாத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், யாரோ ராட்சசன் கூடை கூடையாகப் பாறைகளைக் கொட்டிக் குவித்தாற்போன்ற குன்றுகளுக்கு நடுவே புகும். சாலையே பழைய கோட்டைக்குள் நுழைந்து வெளியேறுகிறது. வலது கைப்பக்கம் ராஜகிரி. இடது கைப்பக்கம் கிருஷ்ணகிரி. "அதோ பார், தேசிங்குராஜன் கோட்டை!" என்று ஒருவர் சொல்லி, மற்றவர் தலையைத் திருப்புவதற்குள் கோட்டை போய்விடும். கண்டக்டர், "செஞ்சி எல்லாம் இறங்கு!" என்று கூவுவார். இறங்குகிறவர்கள் நெல் மூட்டை விஷயமாகவோ, கல்யாணப் பத்திரிகை வைக்கவோ வந்தவர்களாக இருப்பார்கள்.

2025ஆம் வருஷம் ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியர்களின் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. பத்திரிகையில் இந்தச் செய்தி வந்ததும், சென்னையிலிருக்கும் என் அக்காவின் பெண் போனில் கூப்பிட்டாள். "மாமா! பாரிஸில் இருக்கிறவர்கள் எல்லாம் நம் செஞ்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நாம் போகவில்லையே! அரையாண்டு லீவுக்குக் குழந்தைகளுடன் வருகிறேன். ஒரு நாள் ஏற்பாடு பண்ணி வையுங்கள்" என்றாள்.

நாவல் எழுதுகிறவனுக்கு வேறு வேலை கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே, ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

போகிறவர்கள் ஏழு பேர். அக்கா, அக்காவின் வீட்டுக்காரர் - நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் பெண், அவளுடைய பதினொரு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண், எங்கள் பெரியம்மா, வயது எழுபத்தெட்டு, அப்புறம் நான். எட்டாவதாக ஒருவனைச் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் தகராறு ஆரம்பமாயிற்று.

அந்த எட்டாவது ஆள் எங்கள் தெருப் பையன். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பையன் சரித்திரத்தில் எம்.ஏ. பாஸ் செய்துவிட்டு, இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செஞ்சிக்குப் போய், ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருந்தான். வெளிநாட்டார் இத்தனை பேர் வருகிற ஊரில், அவர்களைச் செஞ்சிக்கு அழைத்துப் போய்க் காட்டி ஜீவனம் செய்யலாம் என்பது அவன் எண்ணம். அவன் அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "கல்லைக் காட்டிக் காசு வாங்க முடியுமா? தை பிறந்தா சென்னைக்குப் போ, ஜவுளிக் கடையிலே சொல்லி வெச்சிருக்கேன்" என்று கெடு வைத்துவிட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அவனுக்கோ தை பிறந்தால் வழி அடைந்துவிடும் போலிருந்தது.

"சார், ஒரே ஒரு தடவை உங்க வீட்டுக்காரங்களை அழைச்சுக்கிட்டுப் போறேன். பிடிச்சிருந்தா நாலு பேருகிட்டே சொல்லுங்க" என்று அவன் என்னிடம் கேட்டிருந்தான். நான் நாலு பேரிடம் சொல்வதால் பெரிய பிரயோஜனம் இல்லை. மாமா ஒருவரிடம் சொன்னால் போதும். கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் மாமாவின் பால்ய சிநேகிதர். வருகிற பிரயாணிகள் எல்லோரும் "எங்கே போகலாம், யாரோடு போகலாம்?" என்று அவரைத்தான் கேட்பார்கள்.

ஆனால் மாமா கணக்கு இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரணமில்லாத செலவு என்றால் அவருக்கு உடம்பு பதறும்.

"வழிகாட்டியா? எதுக்கு?" என்றார். "போறது ஒரே ரோடு. ஏறுறது ஒரே படி. இறங்குறதும் அதே படி. இதிலே வழி காட்ட என்ன இருக்கு? சந்தேகம் வந்தா செல்போன்லே பார்த்துக்க வேண்டியதுதானே!"

"சாப்பாடு செலவு மிச்சம் மாமா, அவன் கட்டுச்சோறு கொண்டு வருகிறான்" என்றேன். மாமா அரை மனதுடன் தலையை ஆட்டினார்.

பையன் சாயங்காலம் நோட்டுப் புத்தகத்துடன் வந்தான். அவனுடைய நிகழ்ச்சி நிரலில் இருபத்துமூன்று இடங்கள் இருந்தன. அக்கா அதைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, இது ஒரு நாள் பிரயாணமா, காசி யாத்திரையா?" என்று கேட்டாள். வெட்ட ஆரம்பித்தோம். ஒவ்வொரு இடத்தை அடிக்கும்போதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

முதலில் மண்டகப்பட்டு போயிற்று. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் ஒரு கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்லில் வெட்டிவைத்த இடம் அது. "விழுப்புரம் ரோட்டிலே தனியா ஒரு நாள் போகணும்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அடுத்தது திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களை ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கிய இடம். அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு இருக்கிறது. "அம்பத்தேழு நாளா!" என்று பெரியம்மா வாயைப் பிளந்தாள். "ஏகாதசி அன்னிக்குக் காலையிலே பத்து மணிக்கே எனக்குக் கண்ணு இருட்டுதே!" என்றாள். அதற்கு அடுத்த சிங்கவரத்தை மட்டும் பெரியம்மா அடிக்க விடவில்லை. குகைக்குள் நீளமாகப் பள்ளிகொண்ட ரங்கநாதர் அங்கே இருக்கிறார். தேசிங்குராஜன் சண்டைக்குப் புறப்படும்முன் உத்தரவு கேட்டபோது, "இன்றைக்குப் போகாதே" என்று சொல்லிப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதை. "நேரம் இருந்தால்" என்று எழுதிப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டோம்.

மிச்சம் நின்றது கோட்டை. ஆனால் அதுவே ஒரு நாளுக்கு அதிகம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் ஓடுகிறது. சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். ஏறக்குறைய எங்கள் கிரிவலப் பாதை நீளம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறிவிட்டால் பாறை தோசைக்கல் ஆகிவிடும். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் மலைமேல் ஏறவும் விடமாட்டார்கள். ஆகவே காலையில் கதவு திறந்தவுடன் ஏறக்கூடியவர்கள் ராஜகிரி ஏறுவது. பெரியம்மாவும் அக்காவும் கீழேயே கல்யாண மஹாலின் நிழலில் இருப்பது. பிறகு எல்லோருமாகக் குளக்கரைக்குப் போவது. தலைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். தின்பண்டம் எதுவும் கையில் தெரியக்கூடாது; குரங்குகளுக்குக் கோட்டையில் நாயக்கர் காலத்து உரிமை. இப்படியாகத் திட்டம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

எல்லோரும் எழுந்து போனபிறகும் பையன் போகவில்லை.

"சார், இடமெல்லாம் முடிவாயிடுச்சு. என்ன சொல்றதுங்கறதுதான் எனக்கு விளங்கலை" என்றான்.

"ஏன், நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கிறதே!"

"அதுதான் சார் கஷ்டம். இந்தக் கோட்டைக்கு ஐந்நூறு, அறுநூறு வருஷக் கதை இருக்கு. வர்றவங்க எல்லாரும் ஒரே ஒருத்தரைத்தான் கேக்கறாங்க."

அவன் சொன்னதில் பெரிய உண்மை இருந்தது. செஞ்சியைக் கோனார் வம்சத்து ஆனந்தக் கோன் சுமார் 1200இல் கட்ட ஆரம்பித்தான் என்பது ஐதிகம். அப்புறம் விஜயநகரம், அவர்களுக்குக் கீழ் நாயக்கர்கள். நாயக்கர்கள் காலத்தில்தான் செஞ்சி பெரிய பட்டணமாயிற்று. 1597இல் இங்கே வந்த பிமெண்டா என்ற பாதிரியார், இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது என்றும், போர்ச்சுகல் தேசத்தில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதிவைத்தார். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் சேனை கோட்டையைப் பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்து, மதில்களைப் பலப்படுத்தினார். அந்த முன்யோசனைதான் பின்னால் அவர் பிள்ளை ராஜாராமைக் காப்பாற்றிற்று. 1689இல் ஔரங்கசீப்பின் சேனைக்குத் தப்பி ஓடிவந்த ராஜாராம் இங்கேயிருந்துகொண்டுதான் மராத்திய ராஜ்யத்தை நடத்தினார். ஜுல்பிகர் கான் கோட்டையை வளைத்துக்கொண்டு 1690 முதல் 1698 வரை கிடையாய்க் கிடந்தான். கடைசியில் கோட்டை விழுந்தது; ராஜாராம் அகப்படவில்லை. பிறகு 1750இல் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் இங்கிலீஷ்காரர்கள். பல கை மாறின பழைய வீடு மாதிரி, ஒவ்வொருவரும் ஒரு சுவரை இடித்து ஒரு சுவரைக் கட்டியிருக்கிறார்கள்.

இத்தனை பேருக்கு நடுவில், ஒரு வருஷம்கூட முழுதாக ஆளாத ஒருவன் கோட்டைக்கே சொந்தக்காரன் ஆகிவிட்டான். தேசிங்குராஜன் தமிழனும் அல்ல. வடக்கேயிருந்து மொகலாயர் சேவகத்தில் வந்த பந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங்கின் மகன். தகப்பனார் 1714இல் இறந்துபோகப் பட்டத்துக்கு வந்தான். அதே வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுடன் சண்டையிட்டு மாண்டான். வயது 22. தெருக்கூத்தும் கதைப்பாடலும் அவனை எடுத்துக்கொண்டன. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவும் வந்துவிட்டது. இதற்கப்புறம் ராஜாராமும் பிமெண்டாவும் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"தேசிங்கு கதையைச் சொன்னா சரித்திரம் போயிடுது. சரித்திரத்தைச் சொன்னா ஜனங்க போயிடறாங்க" என்றான் பையன். அந்த ஒரு வாக்கியத்தில் நாவலாசிரியனின் கஷ்டமும் அடங்கியிருந்தபடியால் எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. "அந்தந்த இடம் வரும்போது உனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் வேன் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். பையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

கல்யாண மஹாலில் அவன் குழந்தைகளைக் கூப்பிட்டு, "புதுச்சேரி பீச்சிலே காந்தி சிலையைச் சுத்தி உசரமா தூணுங்க நிக்குதே, பார்த்திருக்கீங்களா? அதெல்லாம் பிரெஞ்சுக்காரங்க இங்கேயிருந்து கொண்டுபோனதாச் சொல்வாங்க" என்று ஆரம்பித்தான். குழந்தைகள் பிடித்துக்கொண்டன. நடுவே அடுக்கடுக்காக உயரும் கோபுரத்துக்கு மண் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொன்னான். "மாடியிலே தண்ணி வந்துதா? எங்க அபார்ட்மெண்டிலேயே வரதில்லை" என்றது எட்டு வயது.

மாமா களஞ்சியத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மலை மலையாக நெல் கொட்டிவைக்கும்படியான கட்டடம். "இதுக்குக் கணக்கு வெச்சவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்லே?" என்று கேட்டார். "அவன் கணக்குச் சரியா இருந்ததனாலதான் ஐயா எட்டு வருஷம் தாங்கினாங்க" என்றான் பையன். மாமா திரும்பி அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

ராஜகிரியின் உச்சிக்குக் கிட்டே, பாறை இரண்டாகப் பிளந்து அகல பாதாளமாக ஒரு வெடிப்பு இருக்கிறது. அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் அணுக முடியாது. மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்தோம். கீழே மதில் மலைப்பாம்பு மாதிரி வளைந்து போயிற்று. எங்கள் ஊர் மலையை ஜனங்கள் சுற்றுகிறார்கள். இந்த மலையைச் சேனைகள் சுற்றின. அந்த நினைப்பு எனக்கு அப்போது வந்தது. சுற்றுகிறவர்கள் வீடு திரும்பிவிடுகிற ஊர் பிழைத்தது. இத்தனைக்கும் 18ஆம் நூற்றாண்டுச் சண்டைகளில் எங்கள் கோயில் மதிலையும் கோட்டையாக உபயோகித்து, அதிலும் குண்டு பாய்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் விளக்கேற்றுகிறவர்கள் திரும்பி வந்தார்கள். செஞ்சியில் ராஜாக்கள் போனபின் ஜனங்களுக்குத் திரும்பி வரக் காரணம் இல்லாமல் போயிற்று. பிரான்சில் கார்க்கசோன் என்ற மதில் சூழ்ந்த பழைய நகரத்தில் இன்னும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றனவாம். லிஸ்பனுடன் ஒப்பிடப்பட்ட இந்த நகரத்தில் வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"எதுக்காகச் சண்டை போட்டான் தேசிங்கு?" என்று மாமா திடீரென்று கேட்டார்.

"கப்பப் பாக்கிக்காக ஐயா. நவாபு கேட்டார், இவர் கொடுக்க மாட்டேன்னுட்டார்."

"கட்டித் தொலைச்சிருந்தா உசிரு மிஞ்சியிருக்குமே!"

"மிஞ்சியிருக்கும் ஐயா. ஆனா அவர் பேரு நமக்குத் தெரிஞ்சிருக்காது."

மாமா பதில் சொல்லவில்லை. இறங்கும்போது பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மத்தியான்னம் செட்டிக்குளத்தங்கரையில் எல்லோரும் சேர்ந்தோம். தேசிங்கின் உடலை எரித்த இடம் என்று சொல்கிறார்கள். அவன் ராணியும் கூடவே தீப்பாய்ந்தாளாம். பையன் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதை. பாராசாரிக் குதிரை, நீலவேணிக் குதிரை. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகச் சண்டைக்கு ஓடிவந்த மோவுத்துக்கான். திரையைப் போட்டுக்கொண்டு புருஷனை வழியனுப்பிய ராணி. துலுக்கனும் ராஜபுத்திரனுமாக இரண்டு சிநேகிதர்கள் ஒரே நாளில் மாண்ட இடத்துக்கு வந்ததும் பெரியம்மாவுக்குக் குரல் அடைத்துக்கொண்டது. நாற்பது நிமிஷம் ஆயிற்று. சிங்கவரத்துக்கு வைத்திருந்த நேரம் அதில் போய்விட்டது. பையன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. குளத்தங்கரையில் குந்தி உட்கார்ந்து, எட்டு வயதுக் குழந்தை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தான்.

கதை முடிந்ததும் பதினொரு வயது, "அண்ணா, பாட்டி சொன்னதெல்லாம் நிஜமா?" என்று அவனைக் கேட்டது. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தோம். பெரியம்மாவும் பார்த்தாள்.

"சண்டை நிஜம், தேதி இருக்கு. சிநேகிதரும் நிஜம்னுதான் சொல்றாங்க. திரை போட்டது, குதிரை பறந்தது எல்லாம் ஏட்டிலே இல்லை. ஆனா முந்நூறு வருஷமா ஜனங்க அதை மறக்காமச் சொல்லிக்கிட்டு வந்திருக்காங்க இல்லே? அதுவும் நிஜம்தான். எது எந்த நிஜம்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டாப் போதும், தம்பி" என்றான்.

பெரியம்மா மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். குரங்குகள் விஷயமாகப் போட்ட சட்டத்தை மீறி அது எப்படி உள்ளே வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா அவனுக்குப் பேசின தொகையை எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மறுநாள் காலை லாட்ஜ் சிநேகிதருக்கு அவர் போன் செய்ததைக் கூடத்திலிருந்து நான் கேட்டேன். "வழி காட்டறதுக்கு ஆளே வேண்டாம்ப்பா, ஒரே படிதான். ஆனா இந்தப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

தை பிறந்து போயிற்று. பையன் சென்னைக்குப் போகவில்லை. அவன் அப்பா இன்னும் முழுச் சமாதானம் அடையவில்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை இருக்கிறது, பாக்கி நாளில் அப்பாவின் ஆட்டோவை ஓட்டுகிறான். ஆனால் செஞ்சிக்குச் சவாரி என்றால் தகப்பனாரும் கூட வருகிறாராம். கோட்டை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்று, மகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

நீங்களும் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். மார்கழி, தை உத்தமம்; சித்திரை, வைகாசி கூடாது. சீக்கிரம் புறப்படுங்கள், தண்ணீர் அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதான பாட்டி யாராவது இருந்தால், படி ஏற முடியாது என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிங்கவரத்துக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. அடுத்த தடவை அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள்.